அணையுடைப்பும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பௌர்ணமி. வங்கக் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று அன்று வைகறைப் பொழுதிற் புதுவைக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அது கொணர்ந்த மழை கடற்கரையளவில் நில்லாது மேற்கே சென்று, திருப்பதி மலைத்தொடரிலும் அதற்கு அப்பாலுள்ள கடப்பை நாட்டுக் குன்றுகளிலும் பெய்து, பல ஆறுகளாக இறங்கிற்று. அவற்றுள் இரண்டை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று செய்யேறு. வடாற்காட்டில் ஓடும் செய்யாறு வேறு, இது வேறு. இது வடபெண்ணையோடு கலந்து நெல்லூர்ச் சீமையிற் கடலை அடைவது. மற்றொன்று ஆரணியாறு, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டு ஏரியில் விழுவது. செய்யேற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த அன்னமய்யா அணை அன்று உடைந்தது. ஆரணியாற்றின் தலைப்பிலுள்ள பிச்சாட்டூர் அணை உடையவில்லை. ஆயினும், அதிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் வழியிற் பெய்த மழைநீரும் சேர்ந்து, அந்நாட்களில் ஆற்றின் கரைகளை உடைத்துப் பொன்னேரி வட்டத்துத் தாழ்ந்த ஊர்களிற் புகுந்தன.

அணையுடைப்பு மலையடிவாரத்து உழவர்க்கு நேரும் துன்பமன்றோ, நெய்தல் நிலத்தார்க்கு அதனால் யாது என நம் மாணாக்கர் வினவக்கூடும். மேல்நாட்டு நீர் அனைத்தும் இறுதியில் வந்து தங்கும் இடம் நெய்தலே என்பது ஒரு விடை. வேறொரு விடையும் உண்டு. மண்ணாலான கரையை நீர் எங்ஙனம் உடைக்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டு, கையாலும் செய்து அறிந்தவர் பழவேற்காட்டு மீனவர். நூல்களிற் பல பக்கங்களைப் படித்தும் எமக்குத் தெளியாதிருந்த ஒரு செய்தி, அவ்வேரிக் கரையில் அரை மணி நேரத்தில் விளங்கிற்று. அதனைக் கூறுமுன் செய்யேற்றின் வரலாற்றை முடித்துக்கொள்வோம்.

அன்னமய்யா அணை இராஜம்பேட்டைக்கு அருகில் உள்ளது. கதவுகளோடு கூடிய கட்டடப் பகுதியும், அதனை அடுத்து நீண்ட மண்கரையும் உடையதாய், ஏறத்தாழ 224 கோடி கன அடி நீரைத் தேக்கிவைக்கத் தக்கதாய் இருந்தது. அதற்கு மேலே, செய்யேற்றோடு கூடும் பிஞ்சா என்னும் ஆற்றில் வேறொரு சிறிய அணை உண்டு. முதலில் உடைந்தது அச்சிறிய அணையின் கரையே. அந்நீரும் பிற ஓடைகளின் நீரும் ஒன்றாகத் திரண்டு இரவோடிரவாக அன்னமய்யா அணையை வந்தடைந்தன. அணையின் கதவுகள் வழியே நொடிக்கு 2,17,000 கன அடி நீர் வெளியேறக்கூடும் என்றும், அன்று வந்த வெள்ளமோ நொடிக்கு 3,20,000 கன அடி என்றும் ஆந்திர அரசாங்கத்தார் பின்னர்க் கூறினர். அவ்வணைக்கு இருந்த கதவுகள் ஐந்து. அவற்றுள் ஒன்று பழுதுற்றுத் திறக்கப்படாமலே இருந்தது என்பது நாடாளுமன்றத்திலும் எடுத்துரைக்கப்பட்டது.

மாணாக்கர் இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. 224 கோடியை 3,20,000ஆல் வகுத்தால் ஈவு 7,000. அஃதாவது, அவ்வணை ஒரு துளி நீருமின்றி வறண்டு கிடந்திருப்பினும், அன்று வந்த வெள்ளம் 7,000 நொடியில், இரண்டு மணி நேரத்திற்குள், அதனை நிரப்பியிருக்கும். அணை பெரிது, ஆகவே வெள்ளம் அதில் அடங்கிவிடும் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இக்கணக்குக் காட்டும். இத்தகைய வேளையில் அணையைக் காப்பது அதன் கொள்ளளவன்று. நீர் வெளியேறும் வாயிலின் அகலமே. வாயில் போதாதபோது நீர் தனக்கு வேறு வாயிலைத் தேடுகின்றது. அன்று அது தேடிக்கொண்ட வாயில் மண்கரை. கரை முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது. கீழேயிருந்த புலபத்தூர், மந்தபல்லி, தொகுருப்பேட்டை முதலிய ஊர்களில் வீடுகள் இருந்த இடம் மணல்மேடாயிற்று. நந்தலூர்ப் பக்கத்தில் இருப்புப்பாதையின் அடிமண் கரைந்து தண்டவாளங்கள் தொங்கின. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வெள்ளம் மேலும் கீழிறங்கிச் சோமசீலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, நெல்லூரையும் அலைத்து, பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே கடலிற் கலந்தது.

இனி, மண்கரை உடையும் விதத்தைப் பார்ப்போம். நம் முன்னோர் ஏரிக்கு மூன்று உறுப்புக்களை வகுத்தனர்: நீரைத் தடுக்கும் கரை, பாசனத்திற்கு நீர்விடும் மதகு, மிகுநீரைக் கழிக்கும் கலிங்கு. இவற்றுட் கலிங்கைப் பற்றி நாம் மிகுதியாக நினைப்பதில்லை. மதகு நாள்தோறும் பயன்படுவது. அதற்குச் சண்டையும் உண்டு, காவலும் உண்டு. கலிங்கோ பல்லாண்டுகளுக்கு ஒருமுறை பயன்படுவது. ஆகவே அதில் முட்செடி முளைக்கும். சிலர் அதன்மேல் மண்மூட்டையை அடுக்கி இன்னும் ஒரு சாண் நீரைத் தேக்கிக்கொள்வர். ஆயினும், கரையின் ஆயுள் கலிங்கின் கையில் உள்ளது. கலிங்கு கழிக்கும் நீரினும் வரும் நீர் மிகுமாயின், நீர்மட்டம் உயர்ந்துகொண்டே வந்து கரையின் தலையைத் தொடும். கரை முழுவதும் ஒரே உயரமாக இருப்பதில்லை. மாட்டுவண்டித் தடமோ மழை அரித்த பள்ளமோ எங்கேனும் இருக்கும். அவ்விடத்தில் முதலில் நீர் வழியும். வழியும் நீர் நான்கு விரற்கடை ஆழமே இருக்கலாம். ஆனால் கரையின் வெளிப்புறச் சரிவில் இறங்குகையில் அதற்கு வேகம் பிறக்கின்றது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லத்தக்க கல்லின் எடை இரு மடங்காவதில்லை. 64 மடங்காகின்றது என்பது நீரியல் நூலார் கண்ட விதி. எனவே, சரிவின் அடியில் மண் பறிபடுகின்றது. அடி பறிபட்டதும் மேலுள்ள மண் இடிந்து விழுகின்றது. இடிப்பு படிப்படியாகப் பின்னோக்கி ஏறிக் கரையின் தலையை அடைந்தவுடன், நான்கு விரற்கடை நீர் நான்கடி நீராகின்றது. அதன்பின் மனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூர் வட்டத்தில், அழகாபுரிக்கு அருகில், காவிரியின் கிளையாகிய குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட மண்ணணை 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது. அதற்கும் கதவுகள் ஐந்தே. வெள்ளம் வந்த வேளையில் மின்சாரம் நின்றுவிட்டமையாற் கதவுகளை ஓரளவே உயர்த்த முடிந்தது. மாற்று இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தனர். பின்னர்க் கையாற் சுழற்றியும் பார்த்தனர். அதற்குள் நீர் கரைமேல் வழிந்து, பின்சரிவை அருவிபோல் அரித்து, பல இடங்களில் உடைப்பெடுத்தது. பணியாளர் கடமையில் தவறினர் என எவரும் கூறவில்லை. கதவு அசைய மறுத்தது, அவ்வளவே. கூர்ச்சரத்தில் மோர்வி நகருக்கு மேலேயிருந்த மச்சு ஆற்று இரண்டாம் அணை 1979ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் உடைந்து பல்லாயிரவரை வருத்தியதும், கணித்து வைத்த அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தமையாலேயே. அங்கே மாண்டோரின் தொகை இன்றளவும் ஒருமுகமாகத் துணியப்படவில்லை.

எல்லா அணையும் வழிந்தே உடையும் என்று கொள்ளற்க. ஈழநாட்டில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கந்தளாய்க் குளம் மிகப் பழமையானது. கோணேசர் கோயிலோடும் குளக்கோட்டன் பெயரோடும் சேர்த்துத் தமிழர் போற்றுவது. அதன் கரை 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் மூன்று மணியளவில் உடைந்து, நூற்றிருபதின்மருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அது நீர் வழிந்து உடைந்ததன்று. பழங்கரை தன்னுள்ளே தளர்ந்து உடைந்தது. கரைமேல் மிகுந்த பாரமுள்ள வண்டிகள் ஓட்டப்பட்டமையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. இவ்வகை வேறாகலின் ஈண்டு விரிக்கவில்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா நாட்டு ஜான்ஸ்டவுன் நகரை 1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அழித்த அணையுடைப்பை மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். அதில் மீனும் சம்பந்தப்பட்டிருத்தலின். அந்நகருக்குப் பதினான்கு மைல் மேலே மலையிடையில் ஒரு பழைய மண்ணணை இருந்தது. செல்வர் சிலர் கூடிய சங்கம் ஒன்று அதனை விலைக்கு வாங்கி, தூண்டிலிட்டுப் பொழுதுபோக்கும் ஏரியாக்கிற்று. வண்டிகள் எதிரெதிரே செல்லுதற்காகக் கரையின் தலையைத் தாழ்த்தினர். அடிமட்டத்து நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்னமே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்ப வைத்தாரில்லை. தாம் கொணர்ந்து விட்ட மீன்கள் தப்பி ஓடாதிருக்கக் கலிங்கின் வாயிலில் இரும்புக் கம்பிவலை அடித்தனர். பெருமழை நாளில் அக்கம்பியில் மரக்கிளையும் குப்பையும் வந்து அடைந்துகொண்டன. கலிங்கு அடைபட்டது, கரை வழிந்தது, 2,209 பேர் மாண்டனர். அணை நிலைக்காது என்னும் செய்தி அன்று பகலிலேயே தந்தியில் அனுப்பப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் அணை உடையப்போகின்றது என்னும் பேச்சைக் கேட்டுப் பழகிய நகரத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. மீனைப் பிடித்து உண்டு வாழ்வோர் ஆற்றின் வாயை ஒருகாலும் அடைக்கமாட்டார். மீனைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் அதனைச் செய்தனர்.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். இவ்வேரி இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சில்காவிற்கு அடுத்தபடியான பெருமையுடையது. வடதெற்காக 60 கிலோமீட்டர் அளவு நீண்டது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் தென்கோடி மட்டும் தமிழ்நாட்டிலும் உள்ளன. பரப்பு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவே ஆதலின், பல இடங்களில் ஆள் நடந்து செல்லலாம். ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு இதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைத் தருகின்றன. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டிற் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் இடிபாடும் அவர்தம் கல்லறைகளும் இன்றும் காணத்தக்கன. அவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கின்றனர். எமக்கு வேண்டுவது அவ்வூருக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடுமிடமாகிய முகத்துவாரம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், வைரவன்குப்பம் முதலிய குப்பங்களின் வாழ்வு அவ்வாயிலைப் பொறுத்தது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் திரும்பக் கடலுக்குப் போகும். மடவை, கொடுவா முதலிய மீன்களும் உப்பும் நன்னீரும் கலந்த இவ்வேரியையே நாடி வருவன. ஆகவே, ஆறு தரும் நீரும் வேண்டும், கடல் தரும் நீரும் வேண்டும். ஆனால் கடலோ தன் அலைகளாற் கரைநெடுக மணலை நகர்த்திக்கொண்டே இருப்பது. ஆற்று நீர் வலிமையோடு வெளியேறும் மழைக்காலத்தில் முகத்துவாரம் அகன்று திறந்திருக்கும். கோடையில் நீரோட்டம் தளர்ந்ததும் மணல் சேர்ந்து வாய் குறுகும். சில ஆண்டுகளில் முற்றும் மூடிக்கொள்ளும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தபின் மணலின் போக்கே மாறிவிட்டதென மீனவர் முறையிடுகின்றனர். வாய் மூடினால் ஏரி வற்றி, அதன் உப்புக் கடலினும் கடுமையாகும்; படகுகளும் கடலுக்குச் செல்ல இயலா.

அங்ஙனம் மூடிய முகத்துவாரத்தைக் குப்பத்தார் தாமே ஒன்றுகூடி வெட்டித் திறப்பது வழக்கம். யாம் ஒருகால் மாணாக்கர் சிலரோடு அங்குச் சென்றிருந்தபோது, முதிய மீனவர் ஒருவர் மணல்மேட்டில் நின்று அதன் முறையை எமக்கு விளக்கினார். மழை பெய்து ஏரியின் நீர் கடல் மட்டத்தினும் உயரும்வரை பொறுத்திருப்பர். பின்னர், ஓதம் வற்றிக் கடல் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையைக் குறித்துக்கொள்வர். அவ்வேளைக்குள் ஏரிப்புறத்திலிருந்து கடற்புறம்வரை ஒரு சிறு வாய்க்காலை மண்வெட்டியாற் பறிப்பர். அகலம் இரண்டு முழம், ஆழம் முழங்காலளவு போதுமாம். ‘அவ்வளவு சிறிய வாய்க்காலாற் பயன் என்ன?’ என்று எம்மொடு வந்த மாணவர் ஒருவர் கேட்டார். முதியவர் நகைத்து, ‘தம்பி, நாங்க வெட்டுறது வாய்க்கால் இல்லை. தண்ணிக்கு வழி காட்டுறோம், அவ்வளவுதான். ஒரு தரம் ஓடப் பழகிட்டா மீதியை அதுவே வெட்டிக்கும். அப்புறம் நாங்க கரையேறி ஓடணும்’ என்றார். காலையிற் குழந்தை தாண்டக்கூடிய வாய்க்கால் மாலையிற் படகு செல்லும் ஆறாகிவிடும் என்றும், பக்கங்கள் கீழே அறுபட்டு இடிந்து விழும் ஓசை குப்பம்வரை கேட்கும் என்றும் அவர் கூறினார்.

மண்ணணை உடைவதைப் பற்றி மேலே யாம் எழுதிய பத்தியை மாணாக்கர் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. அதுவும் இதுவும் ஒன்றே. முதலில் சிறு வழிவு; பின் வேகம்; பின் அடியரிப்பு; பின் இடிவு. ஏரிநீருக்கும் கடல்நீருக்கும் உள்ள மட்ட வேற்றுமை மிகுந்திருக்கும் வேளையை மீனவர் தேர்ந்துகொள்வது, நீரின் வேகத்தை மிகுவித்தற்கே. அணையின் இருபுறத்தும் அத்தகைய வேற்றுமை எப்பொழுதும் உண்டு. அங்கே எவரும் வேளை பார்க்க வேண்டுவதில்லை. ஆற்றின் தலைப்பில் உடையவே கூடாத கரை ஒன்று. ஆற்றின் கடைசியில் உடைந்தே ஆகவேண்டிய கரை ஒன்று. இரண்டிற்கும் இடையில் மனிதர் குடியிருக்கின்றனர். மேலே ஒரு கதவு துருப்பிடித்து நிற்பதும், கீழே முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடப்பதும் ஒரே வகைக் குற்றம். கலிங்கு அடைபடுதல் என்பதே இரண்டின் பெயரும்.

இதனை ஒரு கணக்கால் அளந்து பார்க்கலாம். பிச்சாட்டூர் அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 185 கோடி கன அடி. அஃதாவது 5 கோடியே 24 லட்சம் கன மீட்டர். ஏரியின் நீர்ப்பரப்பு பருவத்திற்கேற்ப விரிந்து சுருங்குவது. நிறைந்த காலத்தில் 450 சதுரக் கிலோமீட்டர் எனக் கொள்வோம். அணையின் நீர் முழுவதும் ஏரியிற் கொட்டப்பட்டு எங்கும் சமமாகப் பரவினால், ஏரி உயர்வது 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து அங்குலமும் இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நீர் அங்ஙனம் சமமாகப் பரவுவதில்லை. ஆரணியாறு விழுவது ஏரியின் குறுகிய தென்கோடியில். குப்பங்கள் செறிந்திருப்பதும் அங்கேயே. ஆழமற்ற ஏரியில் நீர் வடக்கே பரந்து செல்ல நேரம் வேண்டும்; வாடைக்காற்று எதிர்த்து வீசினால் மேலும் தாழ்க்கும். அணையில் தேங்கியிருந்த நீர் மட்டுமன்றி, அதற்குக் கீழே ஊத்துக்கோட்டைமுதல் பொன்னேரிவரை பெய்த மழையும், சிறு ஏரிகள் பல வழிந்தும் உடைந்தும் விட்ட நீரும் உடன் வருவன. இவற்றோடு ஓதத்தையும் எண்ணவேண்டும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் இக்கடற்கரையில் ஓதம் ஏறக்குறைய மூன்றடி ஏறி இறங்கும். ஏறும் வேளையிற் கடல் உள்ளே வரப் பார்க்கும். ஆறு வெளியே செல்லப் பார்க்கும். முகத்துவாரம் அகன்றிருந்தால், இறங்கும் ஓதத்தில் அவ்வளவு நீரும் வடிந்துபோகும். குறுகியிருந்தால் வடியாது, அடுத்த ஓதம் அதன்மேல் ஏறும். செய்யேற்றின் அணை உடைந்த நாள் பௌர்ணமி என்று தொடக்கத்தில் யாம் குறித்தமைக்குக் காரணம் இதுவே. மலைநாட்டார்க்கு அது கார்த்திகைப் பௌர்ணமி. குப்பத்தார்க்கு அது ஓதம் மிக உயரும் நாள்.

2015ஆம் ஆண்டின் பெருமழையிலும் ஆரணியாறு கரையுடைத்துப் பொன்னேரிப் பக்கத்து ஊர்களை வருத்திற்று. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இடையிற் சிட்ரபாக்கம், ஏ.என். குப்பம், லட்சுமிபுரம் ஆகிய இடங்களில் அணைக்கட்டுகள் உண்டு. அவை நீரைத் திருப்புவன, தேக்குவன அல்ல. எனவே பிச்சாட்டூருக்குக் கீழே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த வேறொன்றும் இல்லை. அணை ஆந்திர நாட்டில்; வெள்ளம் சேர்வது தமிழ்நாட்டில். நீர் திறக்கப்படும் செய்தி திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கு வந்து, அவர் வழியே ஆற்றங்கரை ஊர்களுக்கு அறிவிக்கப்படுகின்றது. இம்முறை நன்றே. ஆயினும் ஆற்றங்கரை ஊர் என்பது எதுவரை? பொன்னேரி தாண்டி ஆறு ஏரியிற் கலந்தபின் அதற்குக் கரை என்று ஒன்றில்லை. கரையில்லாத இடத்தில் உள்ள குப்பம் ஆற்றங்கரை ஊரா, அன்றா என்று ஐயுறுவதற்கு இடமுண்டாகின்றது.

வெள்ளத்தை மீனவர் பகையென்று மட்டும் கருதுவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். மழைவெள்ளம் வந்தால்தான் முகத்துவாரம் ஆழப்படும். ஏரியின் உப்புக் குறையும். இறால் உள்ளே வரும். மேலே அணைகட்டி நீரைத் தேக்கிய பின்னர், சிறு வெள்ளங்கள் அணையிலேயே நின்றுவிடுகின்றன. பெருவெள்ளம் மட்டும் அணை நிறைந்து, கதவு திறந்து, ஒருங்கே வருகின்றது. வேண்டும்போது வாராமல், வேண்டாதபோது பெருகி வரும் இம்முறையே குப்பத்தார்க்குப் பெருங்குறை. எமது கருத்திலும் இக்குறையில் நியாயமுண்டு. ஆனால் அணையை நம்பிப் பயிரிடும் உழவரும் வாழவேண்டுமாகலின், இதனைத் தீர்ப்பது எளிதன்று.

தீர்க்கத்தக்கவை சில உள. முகத்துவாரத்தின் இருமருங்கும் கல்லாற் சுவர் அமைத்து, ஆண்டு முழுவதும் அது மூடாவண்ணம் நிலைப்படுத்தவேண்டும் என்பது மீனவரின் நெடுநாளைய வேண்டுகோள். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அண்மையாண்டுகளில் அவ்வேலையை மேற்கொண்டனர். அதற்கு முன்னெல்லாம் குப்பத்தார் தம் கைப்பொருளைத் தண்டி மணலை அகற்றிய ஆண்டுகளும் உண்டு.

மற்றொன்று சட்டத்தைப் பற்றியது. அணைப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் 2019ஆம் ஆண்டிலேயே நிறைவேறி, மாநிலங்களவையிற் காத்துக்கிடந்தது. செய்யேற்றின் அணை உடைந்து பதின்மூன்றாம் நாள், 2021 டிசம்பர் 2ஆம் நாள், அது அங்கும் நிறைவேறி, அத்திங்களிலேயே சட்டமாயிற்று. அச்சட்டத்திற்கு உட்பட்ட ஒவ்வோர் அணைக்கும் நெருக்கடிக் காலச் செயல்முறை ஒன்று வகுக்கப்படவேண்டும். அணை உடைந்தாலோ பெருநீர் திறந்துவிடப்பட்டாலோ எவ்வெவ்விடம் மூழ்கும், எவர்க்கு எவ்வாறு அறிவிப்பது என்பன அதில் அடங்கவேண்டும். இத்தகைய படங்களை வரைவோர், அலையின் உயரம் குறைந்து ஆறு கடலோடு அல்லது ஏரியோடு சேருமிடத்திற் கோட்டை நிறுத்திவிடுதல் இயல்பு. ஆரணியாற்றுக்கு அவ்வாறு செய்தல் தகாது என்பது எம் துணிபு. அப்படம் முகத்துவாரம்வரை செல்லவேண்டும். திறந்த வாய்க்கு ஒன்றும் மூடிய வாய்க்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் வேண்டும். அன்றைய ஓதத்தின் நிலையும் உடன் குறிக்கப்படவேண்டும். முகத்துவாரம் எந்நிலையில் உள்ளது என்பதைப் பொறியாளர் குப்பத்துப் பஞ்சாயத்தாரைக் கேட்டே நாள்தோறும் அறியலாம். அதனை அவர்களைவிட நன்கறிந்தார் இலர்.

அறிவிப்பு எவரைச் சேரவேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏரியில் வலையிடும் உரிமையைக் குப்பத்தார் ‘பாடு’ என்னும் பழைய முறையாற் பகிர்ந்துகொள்கின்றனர். சீட்டெடுத்து, இன்ன நாள் இன்னார்க்கு இன்ன இடம் என்று முறைவைத்துக்கொள்வர். தன் முறை வந்த நாளில் எவரும் வீட்டில் இரார். முறை போனால் மீண்டும் வரப் பல நாள் ஆகும். இறால் மிகுதியாகப் படுவது இரவில், அதிலும் நீரோட்டம் வலுத்த இரவில். ஆகவே வெள்ளம் வரும் இரவே வலையோடு ஏரியில் ஆட்கள் நிற்கும் இரவுமாகும். தெருவில் தண்டோராப் போட்டாலும், ஒலிபெருக்கி வைத்த வண்டி சாலையிற் சென்றாலும், அவர்கள் காதில் விழாது. இன்று கைப்பேசி பலரிடம் உண்டெனினும், உப்புநீரில் இடுப்பளவு இறங்கி வலை பிடிப்பவர் அதனை வீட்டிலோ படகின் அடியிலோ வைத்துவிட்டே இறங்குகின்றார். எந்தப் பாட்டில் அன்றிரவு எவர் முறை என்பது குப்பத்தார்க்கு மனப்பாடம். அச்செய்தியை உடனே படகிற் கொண்டுசெல்ல ஒவ்வொரு குப்பத்திலும் இருவரை முன்னதாகவே நியமித்து, பிச்சாட்டூரிற் கதவு திறக்கும் நேரத்தை அவர்க்கு நேரே தெரிவிக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் செலவாகாது. ஆட்சியர் அலுவலகத்துப் பட்டியலிற் சில பெயர்களைச் சேர்த்தால் அமையும்.